மலைக்கு தினமும் ஏறும் ஜீப்பா? ஷாக் அப்சார்பர் வாங்கும் முன் இதை கவனிங்க!

போடி:

தேனி மாவட்டத்தில் இருந்து கேரள ஏலத்தோட்டங்களுக்கு தினமும் ஆட்களை ஏற்றி செல்லும் ஜீப்புகளில் அடிக்கடி அடிவாங்கும் சாமான் ஷாக் அப்சார்பர். டிரைவர்கள் இதை சுருக்கமாக 'ஷாக்' என்றே சொல்வார்கள். ஷாக் போய்விட்டால் வண்டி கொஞ்சம் குலுங்கும், அவ்வளவுதானே என்று பலர் அப்படியே ஓட்டுகிறார்கள். ஆனால் குலுக்கலை விட பெரிய ஆபத்து பிரேக்கிலும், வளைவிலும்தான் இருக்கிறது. எந்த வண்டிக்கு எந்த மாதிரி ஷாக் போடுவது, எங்கே ஏமாறக்கூடாது என்பது பற்றிய விவரம் வருமாறு:-

அதிகாலையில் கிளம்பும் ஜீப்புகள்

போடி, தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம் பகுதிகளில் இருந்து ஆயிரக்கணக்கான கூலி தொழிலாளர்கள் தினமும் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்கு போய் வருகிறார்கள். இதில் பெண்களே அதிகம். போடி மெட்டு, கம்பம் மெட்டு, குமுளி என்று மூன்று மலைப்பாதைகளிலும் விடிவதற்குள் ஜீப்புகள் வரிசையாக ஏறுவதை பார்க்கலாம். சாயங்காலம் அதே ஆட்களோடு இறங்க வேண்டும்.

இந்த வண்டிகள் ஒரே நாளில் மூன்று விதமான ரோட்டை பார்க்கின்றன. முதலில் சமவெளியில் தார் ரோடு. அடுத்து கொண்டை ஊசி வளைவுகள். போடியில் இருந்து போடி மெட்டு போகும் தேசிய நெடுஞ்சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கடைசியில் தோட்டத்துக்குள் போகும் கல்லும் சகதியுமான பாதை. ஒரு ரோட்டுக்கு பொருத்தமான ஷாக் இன்னொரு ரோட்டுக்கு சரிப்படாது. அதனால்தான் தினசரி ஓடும் ஜீப்புக்கு ஷாக் தேர்வு செய்வது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயமாகி விடுகிறது.

கொழுக்குமலை இதற்கு இன்னொரு உதாரணம். அந்த இடம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டியில் போக வேண்டும் என்றால் கேரளாவில் உள்ள சூரியநெல்லி வழியாகத்தான் போக முடியும். அந்த பாதையில் சாதாரண கார் ஏறாது. சுற்றுலா பயணிகளை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள்தான் போகின்றன.

லோடை தாங்குவது ஷாக் இல்லை

"புது ஷாக் போட்டா லோடு நல்லா தாங்கும்ணே" என்ற பேச்சை பட்டறைகளில் அடிக்கடி கேட்கலாம். இது தவறு. வண்டியின் எடையையும், அதில் ஏறும் ஆட்களையும் தாங்குவது ஸ்பிரிங்தான். பழைய ஜீப்புகளில் அது பட்டை. தார் போன்ற புது வண்டிகளில் சுருள் ஸ்பிரிங்.

ஸ்பிரிங்குக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அமுக்கி விட்டால் ஒரு தடவையில் நிற்காது. மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை பிடித்து நிறுத்துவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே ஒரு குழாய், அதில் எண்ணெய், எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் சின்ன சின்ன துவாரங்களும், வால்வுகளும் இருக்கும். சக்கரம் ஆடும்போது பிஸ்டன் எண்ணெயை அந்த துவாரம் வழியாக பிதுக்கி தள்ளும். அதில் ஆட்டத்தின் வேகம் குறைந்து சூடாக மாறி வெளியே போய்விடும். கரடுமுரடான பாதையில் ஓடி வந்ததும் ஷாக் குழாய் சுடுவதற்கு இதுதான் காரணம்.

ஷாக் செத்துவிட்டால் பள்ளத்தில் இறங்கிய சக்கரம் துள்ளும். துள்ளும்போது டயர் தரையை விட்டு எழும்பும், அல்லது லேசாகத்தான் தொட்டுக்கொண்டு இருக்கும். அந்த நேரத்தில் பிரேக் போட்டால் அந்த சக்கரத்துக்கு பிடிமானம் கிடையாது. இறக்கத்தில், பத்து பேரோடு, வளைவில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியது இல்லை. பிரேக் நன்றாக இருந்தும் வண்டி நிற்காமல் போவது இப்படித்தான்.

இன்னொரு பாதிப்பும் இருக்கிறது. ஜீப்பின் பின்பக்க பக்கவாட்டு சீட்டில் உட்காருபவர்கள் பின் சக்கரத்துக்கு நேர் மேலே உட்காருகிறார்கள். ஷாக் போன வண்டியின் அடி முழுவதும் அவர்களது இடுப்பிலும், முதுகெலும்பிலும்தான் இறங்கும். தினமும் இரண்டு வேளை அந்த அடியை வாங்கிக்கொண்டு நாள் முழுக்க குனிந்து ஏலக்காய் எடுக்க வேண்டும்.

எத்தனை வகை இருக்கிறது?

கடையில் போய் கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். பார்க்கப்போனால் முக்கியமான வகைகள் கொஞ்சம்தான்.

1. இரட்டை குழாய், எண்ணெய் மட்டும்: பழைய ஜீப்புகளில் வந்தது. விலை குறைவு. உள்குழாயில் பிஸ்டன் ஓடும். வெளிக்குழாயில் மீதி எண்ணெயும், மேலே கொஞ்சம் காற்றும் இருக்கும். தொடர்ந்து குலுங்கும்போது காற்றும் எண்ணெயும் கலந்து நுரைத்துவிடும். நுரைக்கு எதிர்ப்பு கிடையாது. அதனால் காலையில் நன்றாக இருந்த ஷாக் மலை ஏறி முடிக்கும்போது தொளதொளவென்று ஆகிவிடும். ஆறியதும் மறுபடி சரியாகும்.

2. இரட்டை குழாய், கேஸ் நிரப்பியது: அமைப்பு அதேதான். காற்றுக்கு பதில் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கும். நுரைப்பது வெகுவாக குறையும். சவாரி மென்மையாக இருக்கும். வெளிக்குழாயில் கல் அடித்து லேசாக நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் ஓடும் குழாய்க்கு ஒன்றும் ஆகாது.

3. ஒற்றை குழாய், அதிக அழுத்த கேஸ்: ஜெர்மனியின் பில்ஸ்டீன் கம்பெனி 1950-களில் பிரபலப்படுத்திய வகை. குழாய் ஒன்றே என்பதால் சூடு நேராக வெளிக்காற்றுக்கு போகும். சீக்கிரம் ஆறும். வேகமாக போகும்போது வண்டி நன்றாக பிடித்து நிற்கும். ஆனால் பிஸ்டன் அந்த குழாயின் சுவரிலேயே உரசி ஓடுகிறது. கல் பட்டு குழாய் உள்ளே நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். அத்தோடு ஷாக் முடிந்தது.

4. நுரைப்பஞ்சு வைத்தது: கேசுக்கு பதில் எண்ணெய் குடிக்காத ஒருவகை பஞ்சு உள்ளே இருக்கும். ஆஸ்திரேலிய கம்பெனிகள் இதை அதிகம் செய்கின்றன. குழாய் பெரிதாக இருக்கும். எண்ணெய் அதிகம் பிடிக்கும். மெதுவாக கல்லில் ஏறி இறங்கும் வண்டிகளுக்கு ஏற்றது. விலை கூடுதல்.

5. தனி டப்பா இணைத்தது: பக்கத்தில் ஒரு சிலிண்டர் ஒட்டிக்கொண்டு இருக்கும். பார்க்க கம்பீரமாக இருக்கும். பாலைவன ரேஸ் போன்ற வேகமான ஓட்டத்துக்கு செய்யப்பட்டது. மணிக்கு 15, 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து போகும் தோட்ட பாதைக்கு இது தேவை இல்லாத செலவு.

தினசரி ஆள் ஏற்றும் ஜீப்புக்கு எது?

பட்டை வைத்த ஜீப், தினமும் ஆள் ஏற்றுகிறது, மூன்று விதமான ரோட்டிலும் ஓடுகிறது என்றால் இரண்டாவது வகைதான் பொருத்தம். கேஸ் நிரப்பிய இரட்டை குழாய் ஷாக், கொஞ்சம் தடிமனான பிஸ்டன் உள்ளதாக பார்த்து வாங்கினால் போதும். குழாய் தடித்தால் எண்ணெய் அதிகம் இருக்கும். சூடு மெதுவாக ஏறும். கல் அடிக்கு பயப்பட வேண்டியது இல்லை. உள்நாட்டிலேயே கேப்ரியேல் போன்ற கம்பெனிகள் ஷாக் தயாரிப்பதால் சாமானுக்கு அலைய வேண்டியதும் இல்லை.

பட்டைக்கு ஒரு வசதி உண்டு. ஒரு தட்டு மேல் இன்னொரு தட்டு உரசுவதால் பட்டையே ஆட்டத்தை ஓரளவு அடக்கிவிடும். சுருள் ஸ்பிரிங்குக்கு அந்த உரசல் கிடையாது. எல்லா ஆட்டத்தையும் ஷாக்தான் அடக்க வேண்டும். அதனால் சுருள் ஸ்பிரிங் வண்டிக்கு செய்த ஷாக்கை, அளவு சரியாக இருக்கிறதே என்று பட்டை ஜீப்புக்கு மாட்டக்கூடாது. வண்டி கட்டை வண்டி போல் இடிக்கும்.

கொழுக்குமலை மாதிரி பாதையிலேயே நாள் முழுவதும் ஓடும் ஜீப்புகளுக்கு இரண்டாவது அல்லது நான்காவது வகை சரிவரும். அங்கே வேகம் இல்லை. கல் அடிதான் அதிகம்.

சொந்த உபயோகத்துக்கு 2020-ல் வந்த புது தார், 2023-ல் வந்த ஜிம்னி போன்ற வண்டி வைத்திருப்பவர்கள் கதை வேறு. வாரம் முழுக்க ஆபீஸ், கடை, பள்ளிக்கூடம் என்று தார் ரோட்டில் ஓட்டிவிட்டு எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கு போவார்கள். அவர்கள் கம்பெனி ஷாக் நன்றாக இருக்கும் வரை அதை மாற்றவே தேவை இல்லை. மாற்றும் நேரம் வரும்போது நெடுஞ்சாலை ஓட்டம் அதிகம் என்றால் ஒற்றை குழாய் போடலாம். இல்லாவிட்டால் இரட்டை குழாயே போதும். ஆறு நாள் ஓடும் ரோட்டை பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

புது தாரில் ஷாக்கும் சுருள் ஸ்பிரிங்கும் ஒரே கட்டாக இருக்கும். ஸ்பிரிங்கை அமுக்கி பிடிக்கும் கருவி இல்லாமல் இதை கழற்றினால் ஸ்பிரிங் தெறித்து உயிருக்கே ஆபத்து ஆகிவிடும். அந்த கருவி இல்லாத பட்டறையில் இந்த வேலையை கொடுக்க வேண்டாம்.

கடினமான ஷாக் நல்லதா?

"நல்லா டைட்டா இருக்கிற ஷாக்கா கொடுங்க" என்று கேட்டு வாங்குபவர்கள் உண்டு. இதிலும் கணக்கு இருக்கிறது.

ஷாக்கில் இரண்டு பக்க எதிர்ப்பு உண்டு. சக்கரம் மேலே ஏறும்போது ஒன்று, கீழே இறங்கும்போது ஒன்று. இறங்கும்போது உள்ள எதிர்ப்புதான் பொதுவாக அதிகமாக இருக்கும். அமுங்கிய ஸ்பிரிங் திருப்பி உதைப்பதை அதுதான் அடக்குகிறது.

இந்த எதிர்ப்பு அளவுக்கு மீறினால், அடுத்தடுத்து பள்ளம் வரும்போது சக்கரம் முழுசாக கீழே இறங்கவே நேரம் இருக்காது. வண்டி கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிக்கொண்டே போய் ரப்பர் ஸ்டாப்பரில் இடிக்கும். காலியாக ஓட்டும்போது டயர் தரையில் ஒட்டாது. மழையில் வழுக்கும்.

தலைக்கு 60 கிலோ என்று வைத்தால் 10 பேருக்கு 600 கிலோ. காலி ஜீப்புக்கும் நிறைந்த ஜீப்புக்கும் அவ்வளவு வித்தியாசம். தினமும் எந்த லோடில் அதிக நேரம் ஓடுகிறதோ அதை கடைக்காரரிடம் சொல்லி அதற்கு ஏற்ற ஷாக் கேட்க வேண்டும். எதிர்ப்பை கூட்டி குறைக்கும் திருகு வைத்த ஷாக்கும் கிடைக்கிறது. லோடு அடிக்கடி மாறும் வண்டிக்கு அது உதவும். ஆனால் சகதியில் அந்த திருகு இறுகிப்போகும் என்பதால் அவ்வப்போது கழுவி திருகி பார்க்க வேண்டும்.

லோடுக்காக பட்டையில் கூடுதலாக ஒரு தட்டு சேர்த்தவர்கள் இதை முக்கியமாக கவனிக்க வேண்டும். தட்டு கூடினால் ஸ்பிரிங் திருப்பி உதைக்கும் வேகமும் கூடும். பழைய ஷாக்கால் அதை அடக்க முடியாது. "தட்டு போட்டதில் இருந்து வண்டி உதைக்குது" என்ற புகாருக்கு பெரும்பாலும் இதுதான் காரணம்.

நீளம் தப்பினால் எல்லாம் தப்பு

ஷாக் வாங்குவதில் அதிகம் பேர் கோட்டை விடுவது நீளத்தில்தான். முழுசாக விரிந்த நீளம், முழுசாக சுருங்கிய நீளம் என்று இரண்டு அளவு உண்டு.

சுருங்கிய நீளம் அதிகமாக இருந்தால், பெரிய பள்ளத்தில் ரப்பர் ஸ்டாப்பர் தொடுவதற்கு முன்பே ஷாக் முட்டிக்கொள்ளும். ராடு வளையும், இல்லாவிட்டால் சேசிஸ்சில் உள்ள பிராக்கெட் பிய்த்துக்கொண்டு வரும். விரிந்த நீளம் குறைவாக இருந்தால், ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது மொத்த அச்சும் ஷாக்கில் தொங்கும். கண் வளையம் அறுந்துவிடும்.

அதனால் பழைய ஷாக்கை கழற்றிய பிறகு மூன்று அளவு எடுக்க வேண்டும். சமதரையில் வண்டி நிற்கும்போது மேல் போல்ட்டில் இருந்து கீழ் போல்ட்டுக்கு எவ்வளவு? பாடியை தூக்கி சக்கரத்தை தொங்க விட்டால் எவ்வளவு? ரப்பர் ஸ்டாப்பருக்கும் அச்சுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி? முதல் அளவில் இருந்து மூன்றாவது அளவை கழித்தால் வருவதை விட ஷாக்கின் சுருங்கிய நீளம் ஒரு அங்குலமாவது குறைவாக இருப்பது நல்லது. விரிந்த நீளம் இரண்டாவது அளவுக்கு குறையக்கூடாது. ஷாக் நீளமாகி சக்கரம் கூடுதலாக தொங்கினால் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அளவு எடுக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக்கூடாது. கட்டை கொடுத்தே ஆக வேண்டும்.

வண்டியை உயர்த்தினால் வழக்கு

ஷாக் மாற்றும்போதே வண்டியை இரண்டு அங்குலம், நான்கு அங்குலம் தூக்கிவிடலாம் என்று ஆசை காட்டுவார்கள். உயரம் கூடினால் வளைவில் சாயும் ஆபத்தும் கூடும். ஆள் ஏற்றும் ஜீப்பில் இது விபரீதம்.

சட்டமும் இடம் கொடுக்காது. பதிவு சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகன சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பு கூறியது. அது கேரளாவில் இருந்து போன வழக்கு. 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் விதிக்கலாம். தேய்ந்த ஷாக்கை கழற்றிவிட்டு அதே அளவில் புதுசு போடுவது பராமரிப்பு வேலை. அதற்கு பயப்பட வேண்டியது இல்லை.

சொந்த உபயோக பதிவில் உள்ள வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றுவதும் சட்டப்படி தவறு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் வாங்குவதில் சிக்கல் வரும். எவ்வளவு நல்ல ஷாக் போட்டாலும் அளவுக்கு மீறி ஆள் ஏற்றினால் அது காப்பாற்றாது.

போய்விட்டதா என்று எப்படி தெரியும்?

* வண்டியின் ஒரு மூலையை நன்றாக அமுக்கி விடவும். ஒரு தடவை எழும்பி நின்றுவிட்டால் சரி. இரண்டு, மூன்று தடவை ஆடினால் ஷாக் தேய்ந்துவிட்டது. பட்டை இறுகிய பழைய ஜீப்பில் இது சரியாக தெரியாது. அதற்கு மற்ற அடையாளங்களை பார்க்க வேண்டும்.

* குழாயில் லேசான எண்ணெய் படலம் இருந்தால் பரவாயில்லை. எண்ணெய் வழிந்து சகதி அப்பிக்கொண்டு இருந்தால் சீல் போய்விட்டது.

* டயர் ஒரே சீராக தேயாமல் அங்கங்கே கிண்ணம் போல் குழி விழுந்திருக்கும்.

* பிரேக் போட்டால் மூக்கு குப்புற அமுங்கும். வளைவில் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர நேரம் எடுக்கும்.

* அரை மணி நேரம் கரடு பாதையில் ஓடி வந்ததும் எல்லா குழாயும் சுட வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்து இருந்தால் அது வேலை செய்யவில்லை. தொட்டு பார்க்கும்போது கை ஜாக்கிரதை.

நல்ல ரோட்டில் ஓடும் கார்களுக்கே 80 ஆயிரம் கி.மீ. வாக்கில் மாற்றிவிடுவது நல்லது என்று சில கம்பெனிகள் சொல்கின்றன. தோட்ட பாதையில் ஓடும் ஜீப்பில் அதுவரை காத்திருக்க முடியாது. கி.மீ. கணக்கை விட மேலே சொன்ன அடையாளங்களையே பார்க்க வேண்டும்.

மாட்டும்போது கவனம்

ஷாக்கை ஒற்றையாக மாற்றக்கூடாது. முன்பக்கம் என்றால் முன்பக்கம் இரண்டும், பின்பக்கம் என்றால் பின்பக்கம் இரண்டும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

இரட்டை குழாய் ஷாக் கடையில் படுக்க வைத்தே இருந்திருக்கும். மாட்டுவதற்கு முன் அதை நேராக நிறுத்தி நாலைந்து தடவை இழுத்து அமுக்கினால் உள்ளே சேர்ந்த காற்று மேலே போய்விடும். இந்த வகையை தலைகீழாக மாட்டக்கூடாது.

பளபளக்கும் ராடை குறடால் பிடித்து திருகுவதுதான் பட்டறைகளில் நடக்கும் பெரிய தவறு. ராடில் சின்ன கீறல் விழுந்தாலும் அது மேலும் கீழும் போகும்போது சீலை அறுத்துவிடும். ஒரு மாதத்தில் எண்ணெய் ஒழுக ஆரம்பிக்கும். கம்பெனி மேல் பழி விழும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை கடைசியாக முறுக்குவது, வண்டி நாலு சக்கரத்திலும் தரையில் நிற்கும்போதுதான் செய்ய வேண்டும். சக்கரம் தொங்கும்போதே முறுக்கினால் புஷ் முறுகி சீக்கிரம் கிழியும்.

பழைய ஷாக்கை அறுத்து, எண்ணெய் மாற்றி, வெல்டிங் வைத்து பாதி விலைக்கு கொடுப்பவர்களிடம் வாங்க வேண்டாம். எந்த எண்ணெய் ஊற்றினார்கள் என்று தெரியாது. கண்ட எண்ணெய் ஊற்றியிருந்தால் மலைக்குளிரில் இறுகும், சூட்டில் தண்ணீராகும். கேஸ் உள்ள ஷாக்கை அறுப்பதோ, நெருப்பில் காட்டுவதோ ஆபத்து. வெடித்து சிதறும்.

வாங்கும்போது பில் கேட்டு வாங்க வேண்டும். பெட்டியில் உள்ள பார்ட் நம்பரும், குழாயில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். மாட்டிய ஒரு வாரத்தில் எல்லா போல்ட்டையும் மறுபடி ஒரு தடவை முறுக்கி பார்த்துவிட வேண்டும். மழைக்காலத்தில் தோட்டத்தில் இருந்து இறங்கியதும் ராடு மேல் உள்ள உறைக்குள் புகுந்த சகதியை தண்ணீர் அடித்து கழுவி விட்டால், ஷாக்கும் கூடுதல் நாள் வரும். அடுத்த நாள் காலையில் ஏறும் ஆட்களும் நிம்மதியாக ஊர் திரும்பலாம்.